சிந்தாமல் வந்த கோப்பி

என் சித்தியைப் போல ஸ்கூட்டர் ஓடிய ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பெரிய மோட்டார் சைக்கிளில் தெருவே அதிரப் போகிற வீரர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் யாரிடமாவது ஒரு வீடு நிறைந்த சனத்துக்கான கொதிக்கிற கோப்பியைக் கொடுத்து, பிளேஸ்டோவிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு வந்து என்னோடு கதையுங்கள்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பியின் மனைவி. அவர்கள் லண்டனில் பிளேஸ்டோவில் இருந்தார்கள். நாங்களும் அப்பாவின் அண்ணன் குடும்பமும் ஈஸ்ட் ஹாமில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தோம். சித்தப்பா எங்கள் வீடுகளுக்கு வருவார். தனியாக வருவார். சித்தி ஏன் வரவில்லை என்று கேட்டால், "அவவுக்கு வேலை" என்பார்கள். பொங்கலுக்கும் வேலை, தீபாவளிக்கும் வேலை, என் பிறந்த நாளுக்கும் வேலை. இப்படி ஓயாமல் உழைக்கிறவர் லண்டனிலேயே பெரிய பணக்காரியாக இருக்கவேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான மார்கழியில் பெரியப்பா நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். ஊரில் என்றால் அன்றைக்கோ மறுநாளோ எரித்துவிடுவார்கள். அதுவரை செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணியும் கோப்பியும் சொந்தக்காரர் வீடுகளிலிருந்து வரும். ஒரு நாளைக்கென்று உண்டான வழக்கம் அது. லண்டனில் டொக்டர் கையெழுத்துப் போடவேண்டும், கவுன்சிலில் பதியவேண்டும், எரிக்கிற இடத்தில் நேரம் கிடைக்கவேண்டும். நடுவில் கிறிஸ்மஸ் வந்தது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். பெரியப்பா எங்கேயோ குளிர்பெட்டிக்குள் காத்திருந்தார். அடுப்பில்லாத வீட்டில் மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆராய்ச்சிதான் நடந்தது. தண்ணி கொதிக்கவைக்கிற எலெக்ட்ரிக் கேத்தில் ஓர் அடுப்பா, இல்லையா?

"கரண்டில நெருப்பு எங்க இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"கொதிச்சா அது அடுப்புத்தான்" என்றார் மாமா.

இந்த மாமா பெரியம்மாவின் அண்ணன். குரொய்டனிலிருந்து வந்து தங்கியிருந்தார். வந்த நாளிலிருந்து செத்த வீட்டின் சட்டதிட்டங்கள் முழுவதும் அவர் கையில். எங்கள் வீடும் தம்பி வீடுதானே என்று அந்த அடுப்பையும் அணைக்கச் சொன்னார்; பிளேஸ்டோ வீட்டை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. கேத்திலின் வயரைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் கேஸ் ஹீட்டர் நீல நெருப்போடு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கை இரண்டையும் நீட்டிக்கொண்டுதான் இந்தத் தீர்ப்பைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

வீட்டில் சனம் கூடக்கூட, பிள்ளைகளை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில், கிறிஸ்மஸுக்கு முதல்நாள், சித்தப்பா என்னைத் தன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். புறப்படும்போது அம்மா என் காதுக்குள் சொன்னார்: "அங்க ஒண்டும் வாயில வைக்காதை. வயித்துக்குத்து எண்டு சொல்லு."

அம்மா நல்ல மனுஷி. ஆனால் இதைச் சொன்னதும் அதே அம்மாதான். நான் மறைக்கப் போவதில்லை.

எனக்கு வயிற்றுக்குத்தும் இல்லை, வெட்கமும் இல்லை. சித்தி வீட்டில் புட்டும் முட்டைப் பொரியலும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். "வடிவாச் சாப்பிடடி. எலும்பும் தோலுமாக் கிடக்கிறாய். உன்ர கொம்மா உனக்குச் சோறு போடுறேல்லையோ?" என்று சித்தி பகிடி பண்ணினார். சத்தமான மனுஷி. சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவர் பணக்காரி இல்லை என்பதையும் அன்றுதான் கண்டேன். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. அங்கே போய்வர ஒரு பழைய சிவப்பு ஸ்கூட்டர். முதல் தரம் பெயிலாகி, இரண்டாம் தரம் டெஸ்ட் பாஸ் பண்ணி எடுத்த லைசன்ஸ். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டாத குறைதான்.

கிறிஸ்மஸ் காலை டெலிபோன் அடித்தது. சித்தப்பா பேசினார். அன்றைக்குக் கோப்பி கொண்டுவரும் முறை இல்பேர்ட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு. அவர்களின் கார் குளிரில் உறைந்து ஸ்டார்ட் ஆகவில்லை. கிறிஸ்மஸ் அன்று லண்டனில் பஸ்ஸும் ஓடாது, ரெயினும் ஓடாது. கடையும் இல்லை. பெரியம்மா முதல்நாளும் ஒன்றும் குடிக்கவில்லையாம்.

"நான் கொண்டுவாறன்" என்றார் சித்தி.

மறுபக்கத்தில் சித்தப்பா நீண்ட நேரம் ஏதோ சொன்னார். சித்தி டெலிபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "குடிக்காட்டி ஊத்தட்டும். அது அவையின்ர பாடு. அக்கா வெறும் வயித்தோட இருக்கிறா. நான் வாறன்."

அக்கா என்று சொன்னது பெரியம்மாவை. தன்னை வாசல் தாண்ட விடாத ஒருத்தியைச் சித்தி அக்கா என்றுதான் சொன்னார்.

வீட்டிலிருந்த பெரிய சட்டியில் கோப்பி கொதித்தது. மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் இடித்துப் போட்டார். பால் இல்லை. செத்த வீட்டுக்கு வெறுங்கோப்பிதான். சீனியையும் சட்டியிலேயே கலந்தார். மூடியுள்ள எவர்சில்வர் வாளி ஒன்றை எடுத்து, கழுத்துவரை நிரப்பினார்.

"இவ்வளவு நிரப்பினாச் சிந்தாதோ?" என்று கேட்டேன்.

"குறையக் கிடந்தாத்தான் குலுங்கும். நிறைஞ்சது குலுங்காது."

பிறகு குளிர்பெட்டியிலிருந்து ஒரு வாழையிலையை எடுத்தார். வெள்ளிக்கிழமை விரதத்துக்கென்று வாங்கி வைத்தது. வாளியின் வாய் அளவுக்கு வட்டமாகக் கத்தரித்து, கோப்பியின் மேலே மிதக்கவிட்டார். சூட்டில் இலை கறுத்துச் சுருங்கி, கோப்பியோடு ஒட்டிக் கிடந்தது.

"மேல இலை கிடந்தா அலை எழும்பாது. என்ர ஐயா காட்டித் தந்தவர். அவர் சைக்கிளில ரெண்டு பக்கமும் மண்முட்டி கட்டிக் கள்ளுக் கொண்டுபோறவர். எங்கட ஒழுங்கைத் தெரு முழுக்கக் கல்லும் பள்ளமும். ஒரு துளி சிந்தாது."

"கள்ளெண்டா என்ன?"

"பனை தாற பால்" என்று சொல்லிவிட்டுச் சித்தி அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். லண்டனில் வளர்ந்த எனக்குப் பனையும் தெரியாது, கள்ளும் தெரியாது. பால் கொண்டுபோகிற ஒருவர் என்று விளங்கிக்கொண்டேன்.

வாளியின் வாய்க்கு ஒரு பொலித்தீன் தாளை விரித்து மூடியை அமுக்கினார். பழைய சேலைக் கிழிசலால் மூடியையும் கைபிடியையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். வாளியைப் போர்வையில் சுற்றி, வீடு துடைக்கிற பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, இடைவெளி எல்லாம் துவாய்களைச் சுருட்டித் திணித்தார். அதைத் தூக்கி ஸ்கூட்டரில் கால் வைக்கிற தட்டில் வைத்து, சைக்கிள் ரியூப்பை வெட்டிய பட்டியால் இழுத்துக் கட்டினார். இரண்டு முழங்காலாலும் அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, இடுப்பை ஆட்டிப் பார்த்தார். ஸ்கூட்டர் ஆடியது. வாளி ஆடவில்லை.

சித்தப்பாவின் ஹெல்மெட்டுக்குள் ஒரு கம்பளிச் சால்வையைத் திணித்து என் தலையில் கவிழ்த்தார். கையில் ஒரு பை தந்தார். அதற்குள் அடுக்கடுக்காகக் காகிதக் கப்புகள். கழுவுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

பார்க்கிங் ரோட் முழுவதும் வெறிச்சென்று கிடந்தது. வீதி ஓரங்களில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சித்தி ஓடிய விதத்தை எப்படிச் சொல்வேன்! பிறேக்கைத் தொட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் வேகத்தை விட்டுவிடுவார். நாங்கள் மெதுவாக ஊர்ந்து போய்ச் சேரும்போது அது பச்சையாகியிருக்கும். வளைவில் ஸ்கூட்டரைச் சாய்க்காமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிற மாதிரி அகலமாகத் திரும்புவார். வேகத்தடை வந்தால், "பிள்ளை, குண்டியைத் தூக்கு" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து எழும்புவோம். ஸ்கூட்டர் ஏறி இறங்கும். வாளிக்குள் என்ன நடந்தது என்று அந்த இலைக்குத்தான் தெரியும். சித்தியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இந்த உலகத்தில் இவருக்கு ஏலாதது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

பெரியப்பா வீட்டுக் கதவைச் சித்தப்பா திறந்தார். முன்னறை நிறையச் சனம். ஒரு கப் சூடான எதையும் காணாத முகங்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை; சித்தப்பா வழிவிட, சித்தி வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துக் கட்டுகளை அவிழ்த்தார். மூடி திறந்ததும் ஆவி எழும்பி, மல்லி வாசம் அறை முழுக்கப் பரவியது. போர்வையைத் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. "ஒரு சொட்டும் சிந்தேல்லை!" என்று கத்தினேன். இலை அப்படியே மேலே கிடந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "உதென்ன குப்பை மிதக்குது?"

குப்பையா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினேன். இலை கிடந்தால் அலை எழும்பாது, சித்தியின் ஐயா சைக்கிளில் முட்டி கட்டிக் கள்ளுக் கொண்டுபோவாராம், ஒரு துளி சிந்தாதாம்.

நான் சொன்னது அங்கே யாருக்கும் புதுச்செய்தி இல்லை. அத்தனை பேருக்கும் அது தெரியும். அதற்காகத்தான் சித்திக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். நான் சொன்னதில் பிழை இருப்பதாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

சித்தி ஒன்றும் நடக்காதவர் போலக் காகிதக் கப்புகளில் ஊற்றித் தட்டில் அடுக்கி நீட்டினார். ஒருவருக்கு வாயுத் தொல்லை. ஒருவர் இன்னும் குளிக்கவில்லை. ஒருவர் கோப்பியை விட்டுக் கனநாளாம். நாளுக்கு ஆறு கப் குடிக்கிற மாமா, "எனக்கு மல்லி ஒத்துவராது, பிள்ளை" என்று ஹீட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். சித்தப்பா சுவரைப் பார்த்தார். தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. பெரியவர்களின் வியாதிகளெல்லாம் ஏன் ஒரே நேரத்தில் வந்தன என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது மூலையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. நாள்கணக்காகப் பேசாத குரல், அடைத்துப் போயிருந்தது.

"எனக்குத் தா."

சித்தி தட்டோடு போனார். பெரியம்மா காகிதக் கப்பைப் பார்த்தார். "உது வேண்டாம். என்ர கப் குசினிக்குள்ள கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

நான் எழும்பினேன்.

"நீ இரு. அவள் எடுப்பாள்."

சித்தி சமையலறை வாசல்வரை போய் அங்கேயே நின்றுவிட்டார். உறைபனியில் ஸ்கூட்டர் ஓடிய மனுஷி, திறந்து கிடந்த ஒரு கதவுக்கு முன்னால் கால் வைக்கத் தெரியாமல் நின்றார்.

"தங்கச்சி, உள்ள என்னத்துக்கு உவள்..." என்று தொடங்கினார் மாமா.

"அண்ணை, செத்தது என்ர புருஷன். இது என்ர குசினி" என்றார் பெரியம்மா. பிறகு வாசலைப் பார்த்து, "என்னடி நிண்டு பாக்கிறாய்? உள்ள போ. சிங்குக்கு மேல கிடக்கு."

சித்தி உள்ளே போய் நீலப்பூப் போட்ட கப்பை எடுத்துவந்து, வாளியிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். பெரியம்மா ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். அறை முழுக்க அந்தக் கப்பையே பார்த்தது. இன்னொரு வாய் குடித்தார். பிறகு முகத்தைச் சுளித்துச் சொன்னார்:

"சீனி காணாது. நாளைக்கு வரேக்க இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கொண்டு வா."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒருத்தி இந்தக் குளிரில் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், அதில் பிழை பிடிக்கிறார்கள்! சித்தியின் கண்கள் கலங்கின. குசினிக்குள் திரும்பிப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். நான் பின்னால் ஓடிப்போய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "சீனி காணும் சித்தி. நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் இன்னும் கூட அழுதார்.

வெளியே மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காகிதக் கப்பை எடுத்தார்கள். மனம் திருந்தி எடுத்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். தாகத்துக்கு எடுத்தார்கள், பெரியம்மா குடித்துவிட்டதால் எடுத்தார்கள். அம்மாவும் எடுத்தார். மாமா எடுக்கவில்லை. கேத்தில் வயர் அவர் பைக்குள்ளேயே கிடந்தது. பெரியம்மாவும் பெரிய புண்ணியவதி அல்ல. அத்தனை வருஷமும் அந்த வாசலை அடைத்து வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

திரும்பிப் போகும்போது வெறும் வாளி ஸ்கூட்டரில் கடகடவென்று அடித்துக்கொண்டு வந்தது. சித்தி வளைவுகளில் சாய்த்து ஓடினார். பிறேக்கைப் பிடித்து விளையாடினார். வேகத்தடைகளில் கத்திச் சிரித்தார். அழுதவர் ஏன் சிரிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சீனிக் கதையில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த நாளும் போனோம். கோப்பி பாணியாக இனித்தது. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதையும் குடித்துவிட்டுக் கப்பைச் சித்தியிடம் நீட்டினார். சித்தி அதைக் கொண்டுபோய்க் குசினியில் கழுவினார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு மடியில் இருக்கச் சொன்னார். நான் போகவில்லை. என் சித்தியின் கோப்பிக்குச் சீனி காணாது என்று சொன்ன மனுஷியோடு எனக்கு என்ன கதை என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு சித்தியின் பக்கத்தில் போய் நின்றேன்.