சுலோகத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். காய்ச்சலில் படுத்திருந்த அப்பா, அவர் கால்மாட்டில் அம்மா, கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, நான். இல்லாதவர் ஒருவர்: எங்கள் கோயில் குருக்கள். கிள்ளானில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக முந்தின நாளே ரயிலேறிப் போயிருந்தார். அவர் ஊரில் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி, கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். ரயில்வேயிலும் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அப்பாவுக்குத் தண்டவாளம் செப்பனிடுகிற வேலை. சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான்தான். ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்துவிட்டு, பாசார் என்கிற சந்தைப் பக்கம் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். லைனில் யாருக்குக் கடிதாசி வந்தாலும் என்னிடம்தான் வரும். எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. தெரியாது என்ற சொல் படித்தவன் வாயில் வரலாமா?

பாசாரில் வாங்கிய ஒரு தோத்திரப் புத்தகம் என்னிடம் இருந்தது. சமஸ்கிருதச் சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள், அர்த்தம் போடவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அங்கிருந்த சுலோகம் இரண்டே வரி. பூசை முடிந்து விபூதி கொடுப்பதற்கு முன் குருக்கள் சொல்வதும் அதுதான். கடைசியாகச் சொல்வதென்றால் அதற்குத்தான் பலம் அதிகமாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். விளக்கேற்றி, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, பன்னிரண்டு தரம் சொன்னேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "கேக்க நல்லாத்தான் இருக்கு. என்னடா சொல்லுது?" என்றார்.

அம்மா கைகூப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் கஞ்சிச் சட்டியை இறக்காமல் நின்றாள்.

"ஒரு மண்டலம் விடாம கேட்டா, ஒடம்புல இருக்கற நோயெல்லாம் எறங்கிப் போயிடும்னு சொல்லுதுப்பா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நாற்பத்தெட்டு நாள் கணக்கு அதுவாக வாயில் வந்தது.

"பாத்தியா, எம்மவன் சாமி பாசைகூடப் படிச்சுட்டான்!" என்று அப்பா அக்காவிடம் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் முட்டி வலி, தம்பி. செவுத்துப் பக்கம் உக்காந்து கொஞ்சம் சத்தமாவே சொல்லு. அவரு காதுலயும் விழட்டும்" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. குளிர் வந்தால் கட்டில் ஆடும். அம்மா கோணிச் சாக்குகளையெல்லாம் எடுத்து அவர் மேல் போடுவாள். மருந்து கொடுக்கும் டிரஸர் வந்து, மலேரியாக் காய்ச்சல் என்று கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். மாத்திரை விழுங்கியும் ஏன் குறையவில்லை என்று எனக்குப் பயம் பிடித்தது. பயத்தில் பன்னிரண்டு தரத்தை இருபத்துநாலு தரமாக்கினேன்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, டிரஸர் மறுபடி வந்தார். அப்பாவின் கண்ணை விரித்துப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. வயிற்றை அமுக்கினார். அப்பா முனகினார். படுக்கையைச் சரிசெய்யப் பாயின் ஓரத்தைத் தூக்கினால், அடியில் மாத்திரைகள் அத்தனையும் கிடந்தன.

"என்னய்யா இது?"

"சுலோகம் ஓடிட்டிருக்குங்க. அது ஓடறப்ப மருந்து எதுக்கு?" என்றார் அப்பா. குரலே எழும்பவில்லை.

டிரஸர் என் பக்கம் திரும்பினார். "இனிமே மாத்திரை பத்தாது. ஆஸ்பத்திரில வச்சு ஊசி போடணும். நாளைக்குள்ள கொண்டுவந்து சேரு. திங்கக்கெழமைன்னா எங்கிட்ட வராதே."

அப்பா தலையை ஆட்டினார். "இன்னும் முப்பத்தொம்பது நாள் இருக்கு. மண்டலம் தொடங்கினவன் வாசப்படி தாண்டி வேற எடத்துல படுக்கக் கூடாது. அதுவுமில்லாம ஆஸ்பத்திரிக்குப் போனா பேரை வெட்டிக் கப்பல் ஏத்திடுவான். எம்மவன் பாத்துக்குவான்."

அவர் கப்பலுக்குப் பயந்தார், அது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் கட்டிக் கொடுத்தவன் நான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாவும் அக்காவும் நிற்கும்போது வாய் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு யோசனை வந்தது. கிள்ளானுக்குப் போய்க் குருக்களை அழைத்து வந்துவிட்டால்? 'மண்டலத்தை நடுவில் நிறுத்தலாம், தோஷமில்லை' என்று அவர் சொன்னால் அப்பா கேட்பார். என் பொய்யும் வெளியே வராது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் ஏறினேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வேண்டுமென்றே நிற்பது போல இருந்தது. தண்டவாள ஓரத்தில் மழையில் நின்ற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் முகம்தான். நான் ரயிலில் இருக்கும்போதே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வரும்; அதை அடக்கச் சுலோகத்தை முணுமுணுப்பேன்; முணுமுணுத்ததும் உடம்பு கூசும்.

குருக்கள் கோயில் மடப்பள்ளியில் வாழையிலை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நாலைந்து வயசுதான் வித்தியாசம். வெளியில் வரச்சொல்லி, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், அர்த்தத்தை நான் இட்டுக்கட்டியதையும்தான். சொல்லாமல் அவரை நகர்த்த முடியாது என்று அதற்குள் புரிந்துவிட்டது.

"அந்தச் சுலோகமா? அதுல காய்ச்சலும் இல்ல, மண்டலமும் இல்லயேப்பா!" என்றார்.

"பின்ன என்ன சாமி இருக்கு?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டது போல இலையைக் கிழித்தார். "எனக்குப் பாதி சுலோகத்துக்கு அர்த்தம் தெரியாது, உங்கிட்ட சொல்றதுக்கென்ன. ஆனா இது தெரியும். தெரிஞ்சே ஆகணும். 'எனக்கு மந்திரம் சரியாத் தெரியாது, முறை தெரியாது, பக்தியும் பத்தாது. ஏதோ செஞ்சேன். கொறையெல்லாம் பொறுத்து, நீயே நெறவா ஏத்துக்கோ'ன்னு சாமிகிட்ட சொல்றது. பூசையில செஞ்ச தப்புக்கெல்லாம் சேத்துக் கடைசில ஒரு மன்னிப்பு."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒன்பது நாள், பன்னிரண்டு தரமும் இருபத்துநாலு தரமுமாக, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அர்த்தம் கேட்டவர்களிடம் மட்டும் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

"வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. அடுத்த வண்டில திரும்பிடலாம்."

அவர் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. "காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லைய நான் தாண்ட முடியாது. நீதான் சொல்லணும்." திரும்பி உள்ளே போனவர் நின்றார். "குருக்கள் உத்தரவு குடுத்தாருன்னு எம் பேருல இன்னொண்ணு அளந்து விட்டுடாதே."

அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ரயில் முழுக்க அந்த இரண்டாவது பொய்யை ஒத்திகை பார்த்தேன். 'நிறுத்தலாம்னு சாமி சொன்னார்ப்பா.' சுலபம். மூன்றே வார்த்தை. ஓர் உயிரைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னால் பாவமா? எனக்கே நான் நல்ல வக்கீலாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அப்பா குளிர் அடங்கி, வியர்த்துத் துவண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "வந்துட்டியா? இன்னிக்குப் பத்தாம் நாளு. காலைலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். மொதல்ல அதச் சொல்லிடு" என்றார்.

உட்கார்ந்தேன். தொடங்கினேன். முதல் வரி பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அர்த்தம் தெரிந்தபின் அந்த வார்த்தைகளை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பழையபடி ஓட்ட முடியவில்லை.

"ஏண்டா நிறுத்திட்ட?"

"அப்பா, இதுல நோய் எறங்கும்னு இல்லப்பா. மண்டலம்னும் இல்ல. அன்னிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. நானா சொன்னேன்."

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப இதுல என்னதான் இருக்கு?"

குருக்கள் சொன்னதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியாது, முறை தெரியாது, கொறையப் பொறுத்துக்கோ" என்று அப்பா திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "அடப்பாவி. இதயே மொத நாளு சொல்லியிருக்கலாமேடா. நமக்குன்னே எழுதி வச்ச மாதிரியில்ல இருக்கு."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா உன்னைத் தலைகீழாவா தொங்க விட்டிருப்போம்?" என்றாள் அம்மா. அவள் என்னை அடித்திருந்தால் பரவாயில்லை.

அப்பா மெல்லக் கையை நீட்டினார். "தூக்குடா. ரிக்‌ஷா கூப்பிடு. கப்பல் ஏத்தினா ஏத்தட்டும்."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவருக்கு நினைவே இல்லை. அந்த இரண்டு நாளும் நான் அந்தச் சுலோகத்தைத்தான் சொன்னேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். காய்ச்சல் முற்றிப் போனதால் கொய்னா ஊசியை அளவுக்கு மேல் போட வேண்டி வந்தது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே தீர்ந்திருக்குமாம்.

அப்பா பிழைத்தார். கப்பலும் ஏற்றவில்லை. ஆனால் அந்த மருந்தின் வேகத்தில் இடது காது அடைத்தது அடைத்ததுதான். ரயில் ஊதுவது சரியாகக் கேட்காத ஆளைத் தண்டவாளத்தில் விடமாட்டார்கள் அல்லவா? ஸ்டேஷன் ஓரத்தில் புல் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஐம்பது காசாக இருந்த நாள் கூலி நாற்பது காசாயிற்று.

இப்போதும் சாயங்காலம் விளக்கேற்றி, அவருடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சுலோகத்தைச் சொல்கிறேன். முதலில் அர்த்தத்தைச் சொல்லச் சொல்வார். பிறகுதான் சுலோகம். யாராவது எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால், தெரியாது என்று சொல்வதற்குள் இன்றைக்கும் ஒரு கணம் நாக்குத் தயங்குகிறது. தயங்கினாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு சொல்லை ஒன்பது நாள் தள்ளிப்போட்டதற்கு எங்கள் வீடு இன்றுவரை கொடுத்துவரும் விலை நாளொன்றுக்குப் பத்துக் காசு.