மூன்று வாரேன்

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், என்னை வீட்டில் தனியாக விட்டால் வீடு மிஞ்சாது என்று அம்மா தன்னோடு வேலைக்கே அழைத்துப் போனாள். அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, சுகர் பார்ப்பது அவள் வேலை. எதையும் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு இரண்டு சட்டங்கள். முதலாவதையாவது ஓரளவு காப்பாற்றினேன்.

விளாங்குடியில் ஒரு பரோட்டா மாஸ்டர். சர்க்கரை வியாதியால் உள்ளங்காலில் புண். ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். கால் போனால் கல்லுக்கு முன்னால் நின்று மாவு வீசுவது எப்படி? ஆனாலும் மனிதருக்குக் குசும்பு குறையவில்லை.

"மொதல்ல காயின் பரோட்டா அம்புட்டு இருந்துச்சு சிஸ்டர். இப்பப் பட்டாணி அம்புட்டுத்தேன்" என்று புண்ணுக்கும் கடை பாஷைதான்.

அம்மா பழைய கட்டை நனைத்து வலிக்காமல் பிரித்து, கழுவி, புண்ணைச் சின்ன ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு புதுக் கட்டுப் போடுவாள். எந்த வீடானாலும் "வாரேன்" என்று சொல்லாமல் படி இறங்க மாட்டாள்.

இந்த 'வாரேன்' விஷயத்தில் நான் ஏற்கெனவே அடிபட்டவள். எங்கள் தெருவில் ஒரு கேதம். துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது நான் வெகு மரியாதையாக "போயிட்டு வாரேன்" என்று சொல்லி, தொடையில் அழுத்தமான கிள்ளு வாங்கினேன்.

"கேத வீட்டுல வாரேன்னு சொல்லக் கூடாதுடி. பேசாம வந்துறணும்" என்றாள் அம்மா.

மறு வாரம் மாஸ்டர் வீட்டில் கட்டைப் பிரித்த அம்மா, காலை வெகுநேரம் பார்த்தாள். புதுக் கட்டுப் போடவில்லை. பையை மூடினாள். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

எனக்குப் பகீரென்றது. மாஸ்டர் சாகப்போகிறார்! திரும்பி உள்ளே ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மாமா, வாரேன்! நாங்க வாரோம் மாமா! செத்துறாதீங்க!"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். நான் விக்கி விக்கிக் கேத வீட்டுச் சட்டத்தைச் சொல்லி முடித்ததும் கட்டில் ஆட ஆடச் சிரித்தார்.

"அடி ஆத்தி! புண்ணு ஆறிருச்சு தாயி. இனி ஒங்கம்மா இந்தப் படி ஏறக் கூடாதுன்னு அழகருக்கே நேந்துருக்கேன்!"

"குணமானவுகட்ட நர்சு வாரேன்னு சொன்னா, சீக்கும் கூடவே வந்துரும்டி. அதேன் சொல்லல" என்று வாசலில் நின்றபடி அம்மாவும் சிரித்தாள்.

"புள்ள சொல்லிருச்சுல்ல, வந்துதேன் ஆகணும். பைய மட்டும் வீட்டுல வச்சுட்டுக் கடைக்கு வாங்க சிஸ்டர்" என்றார் மாஸ்டர். அப்படியே போனோம். அவர் இரண்டு காலில் நின்று போட்டுத்தந்த பரோட்டாவில் நான் நாலு தின்றேன்.

ஆனால் அது பிறகு. அன்று அங்கிருந்து தல்லாகுளம் போனோம். அங்கே ஒரு டீச்சர் படுக்கையில் இருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அம்மா வலிக்கு ஊசி போட்டு, உடம்பைத் துடைத்து, தலைகூடச் சீவிவிட்டாள். கிளம்பும்போது டீச்சர் அம்மாவின் விரலை விடவில்லை.

"நாளைக்கு வருவீங்கள்ல?"

"வாரேன் டீச்சர். காலையிலயே வாரேன். கண்டிப்பா வாரேன்."

வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வாரேன் வாங்கியவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?