மலையேறும் பூட்ஸோடு பெண் கேட்கப் போனவன்

பர்மாவில், யாங்கோனில் ஆபீசுக்குப் போகிற மனிதர் கைலியில் போகிறார். மேலே வெள்ளைச் சட்டை, கீழே இஸ்திரி போட்ட கைலி, கையில் டிபன் கேரியர். வந்து நாலு வருஷமாகியும் பஸ்ஸில் அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். மதுரையில் வீட்டுக்கு யாராவது வந்தால், "டேய், கைலியோட நிக்காதே, பேன்ட்டை மாட்டிட்டு வா" என்று அம்மா விரட்டுவாள்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் கோமாளி நான்தான். பபேடான் கடைவீதியில் ஓர் ஆண்கள் துணிக்கடையில், எதற்கு எது சேரும் என்று பொம்மைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் உடுத்திக் காட்டுவது என் வேலை. இந்தப் பங்குனியில் முதலாளி இறக்கியது 'வசந்தகால மலையேற்ற ஸ்டைல்': ஆறு பாக்கெட் பேன்ட், காற்றுப் புகாத ஜாக்கெட், கணுக்கால் மூடும் பூட்ஸ், முதுகுப்பை. எங்கே ஐயா வசந்தம்? தார் உருகுகிறது. மலைச் சாமான் ஒன்றே ஒன்று போதும், பூட்ஸ் போட்டால் மேலே காலர் சட்டை, ஜாக்கெட் போட்டால் கீழே சாதாரண ஷூ, அப்போதுதான் ஊருக்குள் எடுபடும் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். "நீங்க தலையிலேர்ந்து கால் வரைக்கும் போட்டுக்கிட்டு நில்லுங்க, தானா விக்கும்" என்றார் முதலாளி. நின்றேன். வியர்வை முதுகில் வழிந்து இடுப்பில் தேங்கும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் எனக்கே குமட்டும். சே, இதுவும் ஒரு பிழைப்பா!

அந்தக் கோலத்திலேயே ஒரு ஞாயிறு, கடையிலிருந்து நேராகப் பெண் கேட்கப் போனேன். செல்வி எங்கள் கடையில் வேலை பார்ப்பவள். இங்கேயே பிறந்த தமிழ்ப்பெண். "அப்பா சரின்னா எனக்கும் சரி. நேர்ல வந்து கேளுங்க" என்றிருந்தாள். வீடு ஊருக்குக் கிழக்கே, தாகேதா பேட்டையில். அப்பா பெயர் ஊ முருகையா. 'ஊ' என்பது இங்கே பெரியவர்களுக்குத் தரும் மரியாதை. துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்தவர்.

வாசலில் குந்தி பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டினேன். முடிச்சு அவிழுமா? அதற்குள் ஊ முருகையா வெளியே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸையும் பையையும் பார்த்தார்.

"மலைக்குப் போறீங்களா?"

கடைப்பேச்சுக்குப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "இல்லைங்க, இது ஸ்டைல். மலைக்குப் போகாமலே போட்டுக்கலாம்" என்று இளித்தேன்.

அழுகின மீனை மோந்தவர்போல அவர் முகம் சுருங்கியது.

"எம் பையனும் இதையேதான் போட்டுக்கிட்டுப் போனான். கூட்டாளிங்களோட மலையேறிட்டு நாலு நாள்ல வந்துடுறேன்னான். ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு சேதி இல்லை. உங்களுக்கு ஸ்டைலா இருக்கா?"

செல்வி "அண்ணன் ஊர்ல இல்லை" என்றபோதெல்லாம், தாய்லாந்தில் வேலையாக இருப்பான் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டேனா? எத்தனை பிள்ளைகளுக்கு இதை மாட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "சூப்பர்" என்றிருப்பேன்! என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இந்த வேஷத்துல என் வீட்டுக்குள்ள வராதீங்க" என்றார். எழுந்து திரும்பினேன்.

"நில்லுங்க தம்பி." செல்வியின் அம்மா. கையில் மடிப்புக் கலையாத நீலக்கட்டக் கைலி. "பையனோடது. இதைக் கட்டிக்கிட்டு வாங்க. அவன் வந்ததும் திருப்பிக் கொடுத்துடணும்."

சுவரோரமாக மாற்றிக்கொண்டு, நம்மூர்ப் பழக்கத்தில் பக்கவாட்டில் செருகினேன். ஊ முருகையா பார்த்துவிட்டு, "அப்படி இல்லை, நடுவுல முடிச்சுப் போடுங்க" என்றார். உள்ளே போய் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கைலியை ஒருதரம் பார்த்தார்.

"பொண்ணைக் கொடுக்கிறேன். ஆனா அண்ணன் இல்லாம தாலி கட்ட முடியாது. அவன் வரட்டும்."

சரி என்றேன்.

அவர்கள் கொடுத்த ரப்பர் செருப்போடு பஸ்ஸுக்கு நின்றேன். பூட்ஸ் பிளாஸ்டிக் பையில் நாறிக்கொண்டிருந்தது. நாளைக்கு இதை மறுபடி காலில் மாட்டவேண்டும். அம்மா வீடியோவில் கூப்பிட்டாள்.

"பொண்ணு கேக்கப் போனவன் கைலியோடவாடா ரோட்டுல நிக்கிறே? யாருதுடா அது?"

"மச்சானோடதும்மா" என்றேன். "வந்ததும் திருப்பிக் கொடுத்துடணும்."