தயிர்க்கட்டு

என் வீட்டுக்காரருக்கு வலது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண். ஏழு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஷூவுக்குள் கிடந்த கல் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன, சீழ் மட்டும் நிற்கவில்லை.

வீரபாண்டிப் பக்கம் சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவர் ஆபரேட்டர். அங்கே பெரிய தொட்டிகளில் பாக்டீரியா வளர்க்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கை அவைதான் தின்னும். அவற்றுக்கு வெல்லம் கரைத்து ஊற்றுவதும், காற்று சரியாகப் போகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. பத்தொன்பது வருடம் அந்தக் கிருமிகளோடு குடித்தனம் நடத்தியவர். அப்படிப்பட்டவரின் போனில், நல்ல பாக்டீரியாவைப் புண்ணில் வைத்தால் கெட்டதை விரட்டிவிடும் என்று ஒரு வீடியோ வந்தது.

“அத்தன சாயத்தண்ணியவே தெளிய வெக்குது. இந்தத் துளியூண்டு புண்ணு எம்மாத்திரம்?” என்றார்.

“எதுக்கும் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

“கேக்கறேன், கேக்கறேன்.”

கேட்கவில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் புளித்த வாடை. பால் கெட்டுவிட்டதோ என்று பிரிட்ஜையெல்லாம் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் வாடை அவர் காலிலிருந்து வந்தது. கட்டைப் பிரித்தேன். உள்ளே தயிர்.

“எத்தன நாளா இந்தக் கூத்து?”

“நாலு நாளாச்சு. கத்தாத.”

கத்துவதற்கு எனக்குத் தெம்பே இல்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். கட்டைப் பிரித்ததும் டாக்டர் என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தார். நானே தயிர் ஊற்றிக் கட்டியதுபோல எனக்குக் கூசியது. வீடியோ விஷயத்தை இவரே சொன்னார்.

“நீங்க பாத்தது முழுசாப் பொய்யில்லீங்கண்ணா,” என்றார் டாக்டர். “நல்ல பாக்டீரியாவ வெச்சு ஆறாத புண்ண ஆத்தலாமான்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா அது லேப்ல தனியாப் பிரிச்சு, அளந்து வளர்த்தது. நாங்க எழுதிக் குடுக்கற மருந்தா இன்னும் வரல. ஊட்டுத் தயிர்ல வேற என்னென்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“நல்லதுதானுங்களே இருக்கும்?”

“வழியில போறவரு ஒரு பக்கெட்டுல எதையோ கொண்டாந்து உங்க தொட்டில ஊத்துனா உடுவீங்களா?”

“அதெப்படிங்க உடறது! தொட்டியே செத்துப்போயிருமுங்க,” என்றார் இவர் வேகமாக. சொல்லிவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. இதை நாலு நாளைக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம் இல்லையா?

எக்ஸ்ரேயில் எலும்பு வரை சீழ் பிடித்திருந்தது தெரிந்தது. அது இந்த நாலு நாளில் வந்ததல்ல, மாதக்கணக்காக உள்ளே ஓடியிருக்கிறது என்றார் டாக்டர். படுக்கையில் சேர்த்தார்கள். சுண்டுவிரலை எடுத்து, செத்த சதையைச் சுத்தம் செய்தார்கள். சீழைப் பரிசோதித்து அதற்கேற்ற ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “அந்தக் காலை ஊனவே கூடாதுங்க.”

மூன்றாம் நாளே மனிதர் டீக்கடைக்கு நடந்து போயிருக்கிறார். கேட்டால் பொழுது போகவில்லையாம். அவர் செருப்பை எடுத்து பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் என் ரோஸ் கலர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது காலில் கட்டிய துணியில் ரத்தம் கசிந்திருந்தது.

அன்றைக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். ஒரு விரல் போன பிறகும் ஒரு மனிதனுக்கு எப்படி உறைக்காமல் இருக்கும்? அவர் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நொண்டி வந்து வாசற்படியில் நின்றார்.

“வலிச்சாத்தான் ஞாபகம் வருமாட்டம் இருக்குது. எனக்கு வலிக்கவே மாட்டீங்குதே, நான் என்ன பண்ண?” என்றார்.

எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தேன். கட்டிலில் படுக்க வைத்துக் காலுக்குத் தலையணை கொடுத்தேன். அதன் பிறகு பெரும்பாலும் சொன்னபடி கேட்டார். நாலு மாதத்தில் புண் மூடியது. இப்போது நிலையத்தில் அவருக்கு லேபில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

தினமும் சாயங்காலம் போன் டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்க்கிறேன். “ஒண்ணுமில்ல, உடு,” என்பார். விரலிடுக்கு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.