பேர் சொல்லாத விண்ணப்பம்

சனிக்கிழமைகளில் எங்கள் சபைப் பெண்கள் சாக்கோட்டையில் ஒரு அக்கா வீட்டில் உபவாச ஜெபத்துக்குக் கூடுவோம். காலையிலிருந்து தண்ணீர் மட்டும். மதியம் ஜெபம் முடிந்ததும் அந்த அக்கா கஞ்சி ஊற்றுவார். பாட்டும் வசனமும் முடிந்தபின் விண்ணப்ப நேரம். மாமியாரின் முட்டிவலி, மகனின் விசா, கணவரின் குடி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபிப்போம்.

நான் கடவுளோடு நெருங்கியிருந்த இடம் அதுதான் என்று பத்து வருடங்களாக நம்பியிருந்தேன். நான் பள்ளி ஆசிரியை. வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் ஐந்து நிமிடத்தில் மனம் விடைத்தாளுக்கும் அடுப்புக்கும் ஓடிவிடும். அங்கே பத்துப் பேர் குரலோடு என் குரலும் சேரும்போதுதான் அவர் கேட்கிறார் என்று தோன்றும்.

எனக்கு ஒரே மகள். காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் வருடம். தேர்வு அறையில் நெஞ்சு படபடத்து, கை மரத்து, பாதியில் எழுந்து வந்துவிட்டாள். மறுபடியும் அப்படியே நடந்தபோது மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். மாத்திரை எழுதிக்கொடுத்து, தன்னைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றார். அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்து வேதத்தை மூடும்போது மகள் சொன்னாள்:

"ம்மா, யாருட்டயும் சொல்லிராத."

"நான் யாருட்ட பாப்பா சொல்லப்போறேன்?"

அந்தச் சனிக்கிழமையே சொன்னேன். ஜெபத்தில் கேட்பது சொல்வதாகாது என்றுதான் நினைத்தேன். பேர்கூடச் சொல்லவில்லை. "ஒரு வாலிப மகள், மனசுல பயம், மாத்திரை சாப்பிடுறா" என்றேன்.

"பேரு எதுக்கு, ஆண்டவருக்குத் தெரியும்ல" என்றார் ஒருவர்.

"நமக்குந்தான் தெரியும். சிஸ்டருக்கு இருக்கறது ஒத்த மக" என்றார் அந்த வீட்டு அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உருகி ஜெபித்தார்கள். ஒருவர், "மருந்தைவிடப் பெரியவரே, அந்த மாத்திரையிலருந்து பிள்ளைய விடுவியும்" என்று சத்தமாக வேண்டினார். ஆமென் என்றேன். மருத்துவர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன். இதை எழுதும்போதும் அந்த வார்த்தை வாயில் கசக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, பகல் பதினொன்றரைக்கு, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மகளின் தோழி போனில் அழைத்தாள். "ஆன்ட்டி, பஸ்ஸுல மயங்கி விழுந்துட்டா. ஒடம்பெல்லாம் நடுங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஜெபிக்க முயன்றேன். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். நெற்றியில் மூன்று தையல். ஒரு வாரமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"நம்ம சபைக் கோயில் வாசல்ல வச்சு, ஒங்க சனிக்கிழமை ஜெபத்துக்கு வர்ற ஆன்ட்டி ஒருத்தங்க என் தலையில கை வச்சாக. 'எங்க எல்லாருக்கும் தெரியும் தாயி, உங்கம்மா அழுது கேட்டாக. விசுவாசிச்சு நிறுத்திரு'ன்னாக. பக்கத்துல இன்னும் ரெண்டு பேரு ஆமென் போட்டாக. எனக்குத்தான் விசுவாசம் இல்லையோன்னு நெனச்சேன்."

பிறகு கேட்டாள். "நீயும் ஆமென் சொன்னியாம்மா?"

சொன்னேன் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. அன்று சத்தமாக வேண்டிய அதே ஆன்ட்டிதான் அவர்; அவரிடம், மாத்திரையைப் பற்றி இனி என் மகளிடம் பேசக்கூடாது என்று நேரில் போய்ச் சொன்னேன். "நல்லதுக்குத்தானே சிஸ்டர் சொன்னேன்" என்று அழுதார். அவரைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை? விஷயத்தை எடுத்துக்கொடுத்தவள் நான்.

மகள் என்னிடம் பேசுகிறாள். சாப்பாடு, பஸ் நேரம், துணி. அவ்வளவுதான். அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவருகே போய் நிற்கிறேன். குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்கார்கிறாள், வாய் திறப்பதில்லை. என் பிள்ளையை நான் என்னிடமிருந்து மட்டும் துரத்தினேனா, ஆண்டவரிடமிருந்துமா என்று மனம் பதைக்கிறது. அதை யாரிடம் விண்ணப்பமாகச் சொல்வது?

போன சனிக்கிழமை சாக்கோட்டைக்குப் போனேன். விண்ணப்ப நேரத்தில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மக எப்படி இருக்கு சிஸ்டர்? சொல்லுங்க, ஜெபிப்போம்."

பத்து முகங்கள் அன்போடுதான் பார்த்தன. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று எனக்குத் தெரியும். "எனக்கு விண்ணப்பம் எதுவும் இல்லக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் அருகில் இருந்தாரா, தெரியவில்லை. மற்றவர்களின் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாக?"

"ஒன்னையப் பத்திக் கேட்டாக. நான் ஒண்ணும் சொல்லல."

நம்புவதா வேண்டாமா என்பது போல என்னைப் பார்த்தாள். இன்னும் இரண்டு துணி மடித்தாள்.

"எனக்காக ஜெபம் பண்றியா, இப்பவும்?"

"பண்றேன் பாப்பா."

"பண்ணு," என்றாள். "சத்தமாப் பண்ணாத."