மழைக்குப் பதில் ஞாயிறு

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறினால் குச்சியின் தலையில் மருந்து காயாது. அன்றைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஈடாக அந்த வார ஞாயிற்றுக்கிழமை வேலை. பாதிப் பேர் வந்தால் போதும். யார் யார் என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. மின்னியலில் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். எதையும் வரிசையாக எழுதிவிட்டால் என் மனம் அடங்கிவிடும்.

பெட்டியில் குச்சி அடைக்கிற மெஷினில் ஓர் அக்கா இருக்கிறார். கயத்தாறுப் பக்கத்து ஊர், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். பிளஸ் டூவோடு நின்றவர், தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்தார். சேர்ந்த செய்தியை அவர் சொன்ன நாளிலிருந்து எங்கள் பிரிவே அவருடையதாகிவிட்டது. லேபிள் ஒட்டுகிற அம்மா தன் மகனின் பழைய கால்குலேட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருத்தி, அக்கா பத்து நிமிஷம் கூடுதலாகப் படிக்கட்டும் என்று அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்தாள். யார் கையில் போனைப் பார்த்தாலும் கத்துகிற போர்மேன் அண்ணாச்சி, மெஷின் நிற்கிற நேரத்தில் அக்கா போனில் பாடம் கேட்பதைப் பார்க்காத மாதிரி போனார். என் பங்குக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்கும் இன்ஜினியரிங்கில் நேரடியாக இரண்டாம் வருஷத்துக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த மாதம்தான் அப்பா முதுகு போய்ப் படுத்தார். நான் வேலைக்கு வந்தேன். இங்கே எல்லாருக்கும் நான் படித்து முடித்தவள். இன்னும் படிக்க ஆசையா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

"ஏட்டி, இன்னைக்கு என்ன பாடம்?" என்று சாப்பாட்டு நேரத்தில் லேபிள் அம்மா அக்காவைக் கேட்பார்.

"திட்டவிலக்கம். சராசரியில இருந்து ஒவ்வொண்ணும் எம்புட்டு வெலகி நிக்குன்னு பாக்கது."

"நம்ம மேடம் மாதிரியா? அதுவும் எப்பப் பாத்தாலும் வெலகித்தான் நிக்கும்."

அங்கே மேடம் என்றால் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஒரு தடவை சொல்லிக்கொடுத்ததை வைத்து அக்கா மறுநாள் நாலு கணக்கு போட்டுக்கொண்டு வந்தார். நாலும் சரி. பாலிடெக்னிக்கில் எனக்கு அது விளங்க ஒரு வாரம் ஆனது. வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

கார்த்திகையில் ஒரு வாரம் செவ்வாயும் புதனும் மழை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திருநெல்வேலியில் அக்காவுக்குப் புள்ளியியல் பரீட்சை. தவறினால் அடுத்த வருஷம்தான்.

"பட்டியல்ல என்னயப் போட்டுராத, தங்கச்சி" என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் எழுதியபோது நாலாவதாக அவர் பெயரை எழுதினேன். மனதில் மூன்று காரணங்கள் வரிசையாக நின்றன. அவருடைய மெஷின் ஓடியாக வேண்டும். விடுப்பை அவர் எழுத்தில் தரவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்று. மூன்றும் உண்மை. ஆனால் மூன்றில் எதற்காகவும் அவர் பெயரை நான் எழுதவில்லை.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு கேட்டில் ஒட்டினார். பட்டியலில் பேர் இருந்து வராதவர்களை மறுவாரம் மெஷினிலிருந்து எடுத்து, கழிவுக் குச்சி பொறுக்கப் போட்டுவிடுவார்கள். அந்த மெஷினுக்கு வர அக்காவுக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"எம் பேரு இருக்கு."

"ஆமாக்கா."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி விட்டிருந்தார். "இல்லக்கா" என்றேன்.

"அப்ப வேணும்னேதான் போட்டிருக்க."

"எனக்கும் காலேஜ்ல இடம் கெடச்சுது. போக முடியல" என்றேன். அதை அந்த ஆபீஸில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு நான் என்னட்டி செய்ய? எம் பரீச்சைய நிறுத்திட்டா ஒனக்கு எடம் குடுத்துருவாவளா?"

அதற்குள் மற்றவர்கள் கூடிவிட்டார்கள். "அவளுக்குப் பதிலா நான் வாரேன்" என்றார் லேபிள் அம்மா.

"நீங்க வந்து என்ன செய்வீய? அந்த மெஷின் ஒங்க கையக் கடிச்சுரும்" என்றார் அண்ணாச்சி. "ஓட்டத் தெரிஞ்ச ஆளுல்லா வேணும்."

ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"நான் வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

"பட்டியல் போடுத ஆளே பட்டியல்லயா" என்று சிரித்துக்கொண்டே அவர் அக்காவின் பெயரை அடித்து என் பெயரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மெஷினில் நின்றேன். பழுது பார்த்த கைக்கு ஓட்டுகிற பழக்கம் இல்லை. இரண்டு தடவை பெட்டிகள் சிக்கிக்கொண்டன.

"மேடம், அது கரண்ட் வயர் இல்ல, அட்டைப் பெட்டி. கொஞ்சம் மெதுவா" என்றார் லேபிள் அம்மா.

பத்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா வினாத்தாளை வாங்கியிருப்பார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்திலிருந்து கணக்கு வராமல் போகட்டும் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு, கணக்கு வந்தாலும் அவர் தப்பாகப் போடட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குமேல் அந்தக் கணக்கு வந்திருக்குமா, போட்டிருப்பாரா என்ற யோசனை மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை அக்கா வினாத்தாளை என் மேசையில் வைத்தார். ஓரத்தில் அவர் எழுதிய விடைகளைப் பென்சிலில் குறித்திருந்தார்.

"பாத்துச் சொல்லு."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு தப்பாவது இருக்கும் என்றுதான் தேடினேன். இல்லை.

"எல்லாம் சரிதான்க்கா."

"எனக்குத் தெரியும். ஒன் வாயால கேக்கணும்னு இருந்துது" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வினாத்தாளை மடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு பேப்பர் இருக்கு. மழ பெஞ்சா எனக்குப் பதிலா நீதான் வரணும்."

அந்த வாரமும் மழை பெய்தது. வெள்ளிக்கிழமை புதுப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதினேன். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.