பத்து எழுத்துக்குள் எங்கள் வீடு

எங்கள் ஆஸ்பத்திரி சர்வருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளியிலிருந்து வரும் கோப்பின் பெயரில் முதல் பத்து ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நறுக்கிவிடும். அதே பெயரில் இன்னொன்று வந்தால் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கும். இந்தக் கிழட்டுச் சர்வரைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. லேப் ரிப்போர்ட்டுகள் வந்து சேர்கின்றனவா, டாக்டர்களின் கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டர் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கருங்கல் ஊருக்கு மேற்கே எங்கள் பக்கம் ஆளின் பெயரை முதலில் சொல்வதில்லை. வீட்டுப்பெயர் முன்னால், ஆள் பின்னால். வரவேற்பில் எழுதுவதும் அப்படியே, லேபிலிருந்து வரும் கோப்புக்கும் அதே பெயர்தான். எங்கள் வீட்டுப்பெயர் ஒன்றே பத்து எழுத்தையும் தின்றுவிடும். வந்த கோப்புகளை அன்றன்றைக்கே எடுத்துவிடுவார்கள்; ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் ரிப்போர்ட் வந்ததில்லை. அதனால் யாருக்கும் இது உறைத்ததில்லை.

மதினிக்கு மார்பில் கட்டி. அண்ணன் துபாயில். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகும் வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது என்பதால், மதினியை அக்கா என்று கூப்பிடும் என் மனைவி துணைக்குப் போனாள். வந்ததுதான் வந்தாய், நீயும் காட்டு என்று மதினி பிடித்த பிடியில் அவளும் காட்டினாள். அவளுக்கும் ஒன்று இருந்தது. இருவரிடமும் சதை எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். மதினியுடையது ஒரு நாள் பிந்தும் என்று லேபில் சொன்னார்கள்.

அன்று காலையில் ஃபோல்டரில் எங்கள் வீட்டுப்பெயரோடு ஒரு கோப்பு கிடந்தது. டாக்டருக்கு முன்னால் நான் திறப்பது முறையல்ல. திறந்தேன். ரிப்போர்ட்டுக்குள் பெயர் இருக்காது, சாம்பிள் எண் மட்டும்தான். புற்று இல்லை என்று எழுதியிருந்தது. மதினியுடையது பிந்தும் என்றதால் இது மனைவியுடையதுதான் என்று வீட்டுக்கு ஃபோன் போட்டு, "ஒனக்கு ஒண்ணும் இல்லட்டி" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

அப்புறம்தான் வழக்கம்போல இரவில் வந்துசேர்ந்த கோப்புகளின் பதிவைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப்பெயர் இரண்டு முறை இருந்தது; பிந்தும் என்ற மதினியுடையதும் அன்றே வந்திருக்கிறது. இரண்டாவது வந்தபோது முதலாவது அழிந்திருந்தது.

நான் படித்தது யாருடையது? வரவேற்புக்குப் போய் எண்ணைச் சொல்லிக் கேட்டேன். அங்கிருந்த பெண் பார்த்துவிட்டு, அது மதினியின் எண் என்றாள். மதினிக்கு ஒன்றுமில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் எனக்கு மதினிமேல் கோபம்தான் வந்தது. இப்போது சொல்லவும் கூசுகிறது.

மதினியின் கோப்பை வேறு ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டு, மற்றதை மறுபடி அனுப்பச் சொல்லி லேபுக்குப் பேசினேன். பார்க்கலாம் என்றார்கள். உட்கார்ந்திருந்தேன். ஃபோல்டரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். யாரோ பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று வந்து திட்டிவிட்டுப் போனார். நடுவில் மனைவி கூப்பிட்டாள். மதியம் வீட்டுக்கு வரவேண்டுமாம், நெய்மீன் வாங்கியிருக்கிறாளாம். அவள் குரலில் அப்படியொரு துள்ளலைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. சரி என்று மட்டும் சொன்னேன்.

கோப்பு வந்தது. திறக்கப் பயந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எண் அவளுடையதுதான். புற்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன், எண்ணைத் தப்பாகப் பார்த்திருப்பேனோ என்று. டாக்டரிடம் காட்டினேன். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்றார். அவர் சொல்லிப் பயம் போகுமா?

வீட்டுக்குப் போனேன். சோறு போட்டு, நெய்மீன் குழம்பு ஊற்றி எதிரே உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவளே கேட்டாள்.

"காலத்த நீங்க சொன்னது அக்காவுக்க ரிப்போர்ட்டு, இல்லியா?"

தலையாட்டினேன். நடந்ததைச் சொன்னேன். காலையில் அவசரப்பட்டு அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது என்று அழுதேன்.

"காலத்த இருந்து இந்நேரம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லாமத்தான இருந்துது," என்றாள். "அது எனக்குக் கெடச்சதுல்லா. தின்னுங்க."

பிறகு நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.